இடக்கையில் இருக்கிறது விஷயம்: மெட்ரோ 2033 ரீடக்ஸ் ஆடப்போகிறவர்களுக்கு

மெட்ரோ 2033-ஐ வழக்கமான ஷூட்டர், அதாவது சுட்டுக்கொண்டே போகும் கேம், என்று நினைத்து உட்கார்ந்தால் ‘டெட் சிட்டி’ லெவலில் மூச்சு முட்டிச் சாக வேண்டியதுதான். பை நிறையத் தோட்டா இருக்கும், நச்சுக் காற்றுக்குப் போடும் மாஸ்கில் மாட்ட ஃபில்டர் இருக்காது. இந்த கேமைப் பாதியில் விட்டவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் இதுதான்: “ஏல, சுட வந்த ஆளே இல்ல, சும்மா நடந்துக்கிட்டிருக்கும்போதே செத்துட்டேன்.” உண்மையில் கேம் எதையும் மறைக்கவில்லை. மீதி எவ்வளவு காற்று, எதிரி கண்ணில் படுகிறோமா, விளக்கில் எவ்வளவு சார்ஜ், துப்பாக்கியில் எவ்வளவு அழுத்தம் என்று எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. மற்ற கேம்களில் திரையின் மூலையில் இருக்கும் பட்டைகளும் எண்களும் இங்கே நாம் ஆடும் பாத்திரமான ஆர்த்யோமின் கையில் இருக்கும் பொருள்களில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பொருள்களைப் பார்த்துப் படிக்கப் பழகிவிட்டால் இதைப் போல நேர்மையான திகில் கேம் இன்னொன்று கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

அடிப்படையை முதலில் முடித்துவிடுவோம். கதைப்படி 2013-இல் அணு ஆயுதப் போர் வருகிறது. மாஸ்கோ நகரத்து மெட்ரோ ரயில் சுரங்கங்களுக்குள் ஓடிப் பிழைத்தவர்கள் இருபது வருடமாக நிலையங்களையே ஊர்களாக்கி வாழ்கிறார்கள். இது முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல முடியாது. 1935 மே மாதம் ஓடத் தொடங்கிய அந்த மெட்ரோ, 1941-இல் ஜெர்மானிய விமானங்கள் குண்டு போட்டபோது மக்களுக்குப் பதுங்குமிடமாக இருந்தது. பார்க் பபியேதி நிலையம் 84 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. காற்றுப் புகாத இரும்புக் கதவுகள் அங்கே நிஜமாகவே உண்டு.

ஒரு ரஷ்ய நாவலை எடுத்து கேமாக்கியது 4ஏ கேம்ஸ் என்ற நிறுவனம். உக்ரைனின் கீவ் நகரத்தில் தொடங்கியவர்கள். செர்னோபில் வட்டாரத்தை வைத்து எடுக்கப்பட்ட ஸ்டாக்கர் கேமில் வேலை பார்த்துவிட்டுப் பிரிந்து வந்தவர்கள் அங்கே பலர். 2010 மார்ச்சில் டிஹெச்க்யூ இதை வெளியிட்டது. அந்த நிறுவனம் திவாலான பிறகு உரிமை டீப் சில்வர் கைக்குப் போய், புதுப்பித்த ரீடக்ஸ் பதிப்பு 2014 ஆகஸ்டில் வந்தது. டிஹெச்க்யூவின் கடைசித் தலைவராக இருந்த ஜேசன் ரூபின் 2013-இல் இவர்களுடைய வேலை நிலைமையைப் பற்றி எழுதினார். பந்தியில் போடும் மடக்கு நாற்காலியில் முழங்கை இடிக்க உட்கார்ந்து வேலை. அடிக்கடி கரண்ட் போகும். உயர்தரக் கணினி வேண்டுமென்றால் யாராவது அமெரிக்கா போய்ப் பையில் மறைத்துக் கொண்டுவர வேண்டும். கேமில் வரும் ஒவ்வொரு துப்பாக்கியும் தகரமும் குழாயும் பற்றவைப்புமாக, கிடைத்ததை வைத்துச் செய்ததாக ஏன் இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டாம்.

வாங்குவதானால் ரீடக்ஸையே வாங்குங்கள். தொடங்கும்போது சர்வைவல், ஸ்பார்ட்டன் என்று இரண்டு பாணி கேட்கும். ஸ்பார்ட்டனில் தோட்டாவும் ஃபில்டரும் தாராளம். அதில் ஆடினால் இது இன்னொரு ஷூட்டர், அவ்வளவுதான். சர்வைவலை எடுங்கள். அதற்கு மேல் நார்மல், ஹார்ட்கோர், ரேஞ்சர், ரேஞ்சர் ஹார்ட்கோர் என்று நான்கு கடினம். ரேஞ்சரில் நாமும் இரண்டு மூன்று குண்டில் விழுவோம், எதிரியும் அப்படியே விழுவான். அது நியாயமான கணக்கு. ரேஞ்சர் ஹார்ட்கோரில் திரையில் ஒரு குறிப்பும் வராது, எந்தப் பொத்தான் எதற்கு என்றுகூடச் சொல்லாது. முதல் முறை ஹார்ட்கோரில் ஆடிக் கை பழகிவிட்டு, அடுத்த முறை அங்கே போவதே சரி.

இனி மாஸ்க். மேல்தரைக்கு ஏறும் லெவல்கள் எல்லாம் இதைச் சுற்றித்தான். ரீடக்ஸில் ஃபில்டரின் மீதி நேரம் இடது மணிக்கட்டுக் கடிகாரத்தில் எண்ணாக ஓடும். மாஸ்கைக் கழற்றியிருக்கும்போது ஃபில்டர் செலவாகாது. ஆகவே சுரங்கத்துக்குள் நல்ல காற்று இருக்கும் இடத்துக்கு வந்தவுடன் கழற்றிவிடுங்கள். மறந்துபோய் மாட்டியபடியே திரிந்தால் அந்த நிமிடங்கள் போனதுதான். நேரம் முடியப் போகும்போது மூச்சுச் சத்தம் கனக்கும், கண்ணாடியில் ஆவி படரும். கடிகாரத்தைப் பார்க்காவிட்டாலும் காது அதைச் சொல்லிவிடும்.

பலரும் கவனிக்காதது கண்ணாடி. மெட்ரோவில் திரியும் உருமாறிய மிருகம் கையால் அறைந்தால் அது விரிசல் விடும். மறுபடி மறுபடி வாங்கினால் உடைந்தே போகும், அப்புறம் எத்தனை ஃபில்டர் வைத்திருந்தாலும் பயனில்லை. வழியில் செத்துக் கிடப்பவர்களின் முகத்தில் நல்ல மாஸ்க் இருந்தால் மாற்றிக்கொள்ளலாம். அதனால் மேல்தரையில் பார்க்கும் ஒவ்வொரு பிணத்தின் அருகிலும் போய்ப் பாருங்கள். ஃபில்டரும் அங்கேதான் அதிகம் கிடைக்கும். ரத்தமோ சேறோ தெறித்தால் கையால் துடைக்க ஒரு பொத்தான் உண்டு. சண்டைக்கு நடுவில் துடைக்கும் அரை நொடிகூட வீண், முதலிலேயே துடைத்துவிட்டு நுழைய வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. கேமே செக்பாயிண்டில் தானாகச் சேமிக்கும், முந்தையதன் மேலேயே எழுதிவிடும். ஃபில்டர் முடிய இருபது நொடி இருக்கும்போது செக்பாயிண்ட் விழுந்தால் அந்த இருபது நொடிக்குள்ளேயே சுற்றிச் சுற்றிச் சாவோம். அப்போது பிடிவாதம் பிடிக்காமல் மெனுவில் அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போய்விடுங்கள். மேல்தரையில் கொள்ளை பொறுக்க ஆசைப்பட்டுத் திரும்பத் திரும்ப ஒரே கட்டிடத்தைச் சுற்றுவதுதான் இந்த நிலைக்குக் காரணம். ஒரு கட்டிடத்துக்கு ஒரு சுற்று, அதோடு நகர வேண்டும்.

நம் பக்கத்தில் இந்த மாஸ்க் விஷயத்தைத் தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. ராதாபுரம் வட்டத்தில் கூடங்குளம் இருக்கிறது. ரஷ்ய வடிவமைப்பில் ஆயிரம் மெகாவாட் உலைகள். முதல் உலையில் தொடர்வினை தொடங்கியது 2013 ஜூலையில். 2011-இல் இடிந்தகரைப் போராட்டம் தொடங்கியதிலிருந்து கதிர்வீச்சு என்ற சொல் இங்கே தேநீர்க் கடை வரைக்கும் வந்துவிட்டது. அந்தச் சொல்லை இந்த கேமை வைத்துப் புரிந்துகொண்டால் தப்பாகிவிடும். மாஸ்க் நிறுத்துவது கதிரை அல்ல, மூச்சோடு உள்ளே போகும் கதிரியக்கத் தூசியை. காமா கதிர் மாஸ்கையும் ரப்பரையும் தாண்டி வந்துவிடும். தூசிக்காக மாட்டும் ஃபில்டர் நிமிடக் கணக்கில் தீர்ந்து போகாது. தூசி அடைய அடைய மூச்சு இழுப்பதுதான் கடினமாகும். நிமிடக் கணக்கு ஆட்டத்துக்காகப் போட்ட விதி.

குண்டு வெடித்தபின் விழும் தூசிக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: நேரம் ஏழு மடங்கானால் கதிர்வீச்சு பத்தில் ஒன்றாகும். ஒரு மணி நேரத்தில் 1000 என்று இருந்தது 7 மணி நேரத்தில் 100, 49 மணி நேரத்தில் 10, இரண்டு வாரத்தில் சுமார் 1. முதல் இரண்டு வாரம் உள்ளே இருப்பது ஏன் முக்கியம் என்பது இதில் தெரியும். இருபது வருடம் கழித்துப் பெரிதும் மிச்சமிருப்பது சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 போன்றவை. சீசியத்தின் அரை ஆயுள் 30 வருடம், ஆக அதில் 63 சதவீதம் அப்போதும் இருக்கும். ஆனால் அது மண்ணிலும் சாப்பாட்டிலும் இருக்கும் ஆபத்து. கதவைத் திறந்தவுடன் இருமிச் சாக வைக்காது.

உலை விபத்து இன்னும் வேறு. முதல் வாரங்களில் பயப்பட வேண்டியது அயோடின்-131. அரை ஆயுள் 8 நாள், பால் வழியாகத் தைராய்டுக்குப் போகும். அதற்கு அரசு சொன்னால் மட்டும் சாப்பிட வேண்டிய பொட்டாசியம் அயோடைடு மாத்திரை பெரியவர்களுக்கு 130 மில்லிகிராம். அயோடின் உப்பைத் தின்றால் போதும் என்ற பேச்சு சுற்றிக்கொண்டே இருக்கிறது. கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பில் அந்த ஒரு மாத்திரைக்குள் இருக்கும் அயோடின் அளவு கிடைக்க ஆறரைக் கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். உப்புதான் ஆளைக் கொல்லும்.

கேமுக்குத் திரும்புவோம். தலைவிளக்குக்கும் இருட்டில் பார்க்க உதவும் இரவுக் கண்ணாடிக்கும் மின்சாரம் கையால் அழுத்தும் சார்ஜரில்தான். அதை எடுத்துத் திரும்பத் திரும்ப அமுக்கினால் முள் ஏறும். விளக்கு மங்கிய பிறகு அமுக்குவது தப்பு. மங்கும் நேரம்தான் மிருகம் வரும் நேரமாக இருக்கும், சார்ஜர் கையில் இருக்கும்போது துப்பாக்கி கையில் இருக்காது. ஒவ்வொரு அமைதியான மூலையிலும் பத்துப் பன்னிரண்டு அமுக்கு போட்டுவிட்டு நகர்வதை விரலுக்குப் பழக்கமாக்குங்கள். வெளிச்சம் உள்ள இடத்தில் இரவுக் கண்ணாடி போட்டால் கண் கூசி ஒன்றும் தெரியாது.

துப்பாக்கிகளில் எனக்கு மிகவும் பிடித்தது டிகார். வெடிமருந்தே இல்லை. அடைத்த காற்றின் அழுத்தத்தில் 15 மில்லிமீட்டர் எஃகு உருண்டையைத் தள்ளுகிறது. மண்ணெண்ணெய் பம்ப் அடுப்பு பற்றவைத்துப் பழகிய கைக்கு இதில் சொல்லித்தர ஒன்றுமில்லை: அடித்தால் ஏறும், விட்டால் இறங்கும், அளவுக்கு மேல் அடித்தால் கசியும். ஒவ்வொரு சுடலுக்கும் அழுத்தம் இறங்கும், அதோடு உருண்டையின் வேகமும் இறங்கும். அழுத்தம் இல்லாமல் சுட்டால் தலையில் பட்டாலும் ஆள் விழமாட்டான், அத்தனை பேரும் முழித்துக்கொள்வார்கள். முள் சிவப்புக்குள் போகும்வரை அடித்தால் முதல் குண்டு பலமாகப் போகும், ஆனால் அந்தக் கூடுதல் காற்று தங்காது. எனவே சுடப்போகும் முன்புதான் சிவப்புக்கு ஏற்ற வேண்டும். மற்ற நேரம் சிவப்புக்குச் சற்றுக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் மிகக் குறைவு, உருண்டையோ இந்த மெட்ரோவில் சில தோட்டாக்களைப் போல நாணயமாகச் செல்லாத பொருள். கஞ்சத்தனம் இல்லாமல் சுடலாம்.

ஹெல்சிங்கும் காற்றுத் துப்பாக்கிதான், அம்பு எய்யும். அம்பைப் பிணத்திலிருந்து பிடுங்கி மறுபடி போடலாம். பாஸ்டர்ட் என்பது மெட்ரோவுக்குள்ளேயே பட்டறையில் செய்த இயந்திரத் துப்பாக்கி. தோட்டாப் பட்டை பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே போவது கண்ணுக்குத் தெரியும், எத்தனை மிச்சம் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம். பேட்டையில் லேத் ஓட்டுகிறவர் யாராவது பார்த்தால் ரசிப்பார். ஆனால் விரலை எடுக்காமல் சுட்டால் குழல் சூடேறி மாட்டிக்கொள்ளும். மூன்று நான்கு குண்டாக விட்டு விட்டுச் சுட வேண்டும், கலாஷ் (கலாஷ்னிகோவ் துப்பாக்கி) கிடைத்தவுடன் மாற்றிவிட வேண்டும். இரட்டைக் குழல் டூப்லெட் மிருகங்களுக்கு. நோசாலிஸ் என்ற மிருகம் பாயும்போது இரண்டு குழலையும் ஒன்றாக விட்டால் கதை முடிந்தது. சிக்கல், உள்ளே இருப்பது இரண்டே தோட்டா. மூன்று மிருகம் சேர்ந்து வந்தால் முதுகைச் சுவரில் வைத்து நில்லுங்கள்.

பணம் என்பதும் தோட்டாதான். போருக்கு முன்னால் செய்த ராணுவத் தோட்டா நாணயம். சுரங்கத்தில் செய்த அழுக்குத் தோட்டா சுடுவதற்கு. ராணுவத் தோட்டாவையும் சுடலாம், அடி பலமாக விழும், ஆனால் சுடுவது காசு. ரீடக்ஸில் ரீலோடு பொத்தானை அழுத்திப் பிடித்தால் அது ஏறிவிடும். பதற்றத்தில் பொத்தானை அழுத்திப் பிடிப்பவர்கள் தெரியாமலே காசைச் சுட்டுத் தீர்க்கிறார்கள். ஒரு தட்டு தட்டி விரலை எடுங்கள். கடையில் முதலில் வாங்க வேண்டியது சைலன்சர். புதுத் துப்பாக்கிக்கு ஆசைப்படாதீர்கள்; பொறுமையாகத் தேடினால் கலாஷ் எப்படியும் வழியில் கிடைக்கும்.

மனிதர்களோடு மோதும் லெவல்களில் ‘ஃபிரன்ட்லைன்’ பெரியது. மெட்ரோவுக்குள் உருவான செம்படையும் நாஜிகளும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருக்கும் பாதாளத்தின் வழியே போக வேண்டும். சண்டை போட்டு ஜெயிக்க நினைக்காதீர்கள். கடிகாரத்தில் நீல விளக்கு எரிந்தால் நாம் தெரிகிறோம் என்று பொருள், அணைந்தால் இருட்டில் இருக்கிறோம். முதலில் சுவரில் இருக்கும் மின்பெட்டியைத் தேடி அணையுங்கள். அது இல்லாத இடத்தில் பல்பைத் திருகிக் கழற்றலாம், சைலன்சர் போட்டுச் சுடவும் செய்யலாம். தரையோடு கட்டிய கம்பியில் தகர டப்பா தொங்கும், இடறினால் கலகலக்கும். இன்னொரு வகைக் கம்பியில் துப்பாக்கித் தோட்டாவே பொறியாக இருக்கும். இரண்டையும் குனிந்து போய் அவிழ்க்கலாம். உடைந்த கண்ணாடி கிடக்கும் இடத்தைச் சுற்றிப் போங்கள். பைய போனால் யாரையும் கொல்லாமலே மறுபக்கம் போய்விடலாம். லெவல் முழுக்க அப்படிப் போக முடிகிற மாதிரி வைத்திருக்கிறார்களே, அந்த வேலைப்பாட்டுக்காகவே ஒருமுறை முயல வேண்டும். இதற்காகத்தான் சொல்கிறேன், இருட்டாக இருக்கிறது என்று பிரைட்னஸைக் கூட்டாதீர்கள். கூட்டினால் எது நிழல், எது வெளிச்சம் என்ற வித்தியாசமே போய்விடும்.

லெனின் நூலகத்தில் வரும் லைப்ரேரியன் என்ற மிருகம் வேறு ரகம். குரங்குபோலக் குனிந்து நடக்கும், எத்தனை சுட்டாலும் எளிதில் விழாது. எதிரே வந்தால் சுடாதீர்கள், திரும்பி ஓடாதீர்கள். நின்று கண்ணைப் பாருங்கள். அது நெருங்கினால் பார்வையை எடுக்காமல் பின்னால் நகருங்கள். சற்று உறுமிவிட்டு விலகிப் போகும். பார்வை தவறியதும் அறை விழும். ஷூட்டர் ஆடிய கை தானாகவே துப்பாக்கியைத் தூக்கும், அந்தப் பழக்கத்தை அடக்குவதுதான் இந்த லெவலின் தேர்வு. இதற்கு வெகு முன்னாலேயே கான் என்ற வழிகாட்டி வருவார். நெருப்புக் கோளம்போல ஒன்று சுரங்கத்தில் உருண்டு வரும்போது அசையாமல் நில் என்பார். அவர் சொன்னபடியே செய்யுங்கள், மிருகங்களை அது பார்த்துக்கொள்ளும்.

கணினி பற்றிச் சில வார்த்தை, ஏனென்றால் பாளையங்கோட்டை வெயிலில் இது வேறு விஷயம். ரீடக்ஸ் பழைய கிராபிக்ஸ் கார்டிலும் ஓடும், 64-பிட் விண்டோஸ் மட்டும் கட்டாயம். அமைப்புகளில், படத்தின் ஓரங்களை வழவழப்பாக்கும் எஸ்எஸ்ஏஏ என்பதை முதலில் அணையுங்கள். நான்கு மடங்கு வைத்தால் 1080 திரைக்கு இருபது லட்சத்துக்குப் பதில் எண்பது லட்சத்துக்கு மேல் புள்ளிகளை வரைகிறது. சித்திரையில் கார்டு கொதித்து வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். என்விடியா கார்டு இல்லையென்றால் அட்வான்ஸ்டு ஃபிசிக்ஸையும் அணையுங்கள், இல்லாவிட்டால் புகை கிளம்பும் இடமெல்லாம் படம் திக்கும். திசையன்விளைப் பக்கம் தேரி மணல், உவரிப் பக்கம் உப்புக் காற்று. ஆடிக் காற்றுக்குப் பிறகு கேபினட்டைத் திறந்து தூசி எடுக்க வேண்டும். ஊதும்போது விசிறியை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட்டால் பேரிங் கெடும்.

கரண்ட் போனால் முந்தைய செக்பாயிண்டிலிருந்துதான் தொடக்கம், ஆகவே யுபிஎஸ் அவசியம். 600 விஏ யுபிஎஸ் என்றால் வழக்கமாக 360 வாட். சாதாரண கார்டு போட்ட கணினியை அடுத்த செக்பாயிண்ட் வரை இழுக்கச் சில நிமிடம் தரும். அந்த ஈய பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் பாதியாகும். ஜன்னல் வெயில் விழும் மூலையில் வைக்காதீர்கள்.

மொழித் தேர்வில் எல்லாரும் ரஷ்யக் குரல், ஆங்கில சப்டைட்டில் என்பார்கள். குரல் அதில் நன்றாக இருப்பது உண்மை. ஆனால் நிலையங்களில் ஓரமாக உட்கார்ந்து பேசுகிறவர்களின் பேச்சுக்குச் சப்டைட்டில் வராது. முதல் முறை ஆங்கிலத்தில் ஆடுங்கள். காதை மூடும் ஹெட்போன் வேண்டும், மின்விசிறிச் சத்தத்தில் பாதி கேமே கேட்காது. அந்த ஓரப் பேச்சுகளை நின்று கேட்பதற்குக் கேம் ரகசியமாக மதிப்பெண் போடுகிறது. எந்த அளவையும் காட்டாது. திரை ஒரு கணம் வெளுக்கும், மெல்லிய சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பிச்சை கேட்பவருக்கு ஒரு தோட்டா கொடுத்தாலும் சேரும். தனியாக நிற்கும் சிறுவனை முதுகில் சுமந்து போகும் லெவலில் அவன் பாரத்தால் குறி ஆடும், நிதானமாக நின்றுதான் சுட வேண்டும். கடைசியில் அவன் தாய் நன்றியாகத் தோட்டா நீட்டுவாள். வாங்காமல் விட்டால் அதற்கும் உண்டு.

இந்த மதிப்பெண் போதுமான அளவு சேர்ந்திருந்தால் மட்டுமே ஓஸ்டான்கினோ கோபுரத்தின் உச்சியில், மெட்ரோ மக்கள் எதிரியாக நினைக்கும் கருப்பு மனிதர்கள்மேல் ஏவுகணை விடாமல் நிறுத்தும் வாய்ப்பு வரும். சேராதவர்களுக்கு அந்தக் கேள்வியே வராது, ஏவுகணை போய்விடும். 2013-இல் வந்த அடுத்த பாகமான லாஸ்ட் லைட், ஏவுகணை போய்விட்டது என்ற முடிவிலிருந்தே தொடங்குகிறது. அதைத் தெரிந்துகொண்டும் நிறுத்தும் முடிவை ஒருமுறை ஆடிப் பார்த்துவிட்டு லாஸ்ட் லைட்டைத் திறங்கள். அதில் ஆர்த்யோம் கருப்பு மனிதர்களைப் பற்றிப் பேசுவது அப்போது சரியாகக் கேட்கும்.